1957இன் இரண்டு எழுத்துருக்கள்: ஹெல்வெட்டிகா உலகெங்கும் பரவ, யுனிவர்ஸ் பின்தங்கியது ஏன்?

கேள்வி – கோடும்வெளியும்

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சுவிட்சர்லாந்தின் வணிக வரைகலையைப் பற்றி அண்மைக்காலமாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். அதில் ஓர் இடத்தில் எனக்குத் தெளிவு கிடைக்காததால், அச்சுத் தொழிலையும் எழுத்துரு வரலாற்றையும் நன்கறிந்தவர்கள் இருக்கும் இந்த அவையில் கேட்கிறேன்.

1957ஆம் ஆண்டில் ஒரே வகையைச் சேர்ந்த எழுத்துருக்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. பாசல் நகரை ஒட்டிய மூன்ஷன்ஸ்டைனில் இருந்த ஹாஸ் எழுத்து வார்ப்பகம், மாக்ஸ் மீடிங்கர் வரைந்த 'நொய ஹாஸ் குரோட்டஸ்க்' எழுத்தை வெளியிட்டது. சில ஆண்டுகளில் ஹெல்வெட்டிகா என்று பெயர் மாறியது அதுதான். பாரிசின் டெபர்னி–பெய்ஞோ வார்ப்பகம் அட்ரியன் ஃப்ருட்டிகர் வரைந்த யுனிவர்ஸை வெளியிட்டது. ஜெர்மனியின் பாவர் வார்ப்பகமும் அதே ஆண்டில் 'ஃபோலியோ' என்ற எழுத்தைக் கொண்டுவந்தது. இன்று அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. மூன்றுமே முனைகளில் கால் நீட்டாத எழுத்துகள். பெர்லினின் பெர்ட்டோல்டு வார்ப்பகம் 1898இல் வெளியிட்ட 'அக்சிடென்ஸ் குரோட்டஸ்க்' எழுத்துக்கு 1950களில் சுவிஸ் வடிவமைப்பாளர்களிடம் திடீரென்று கூடிய மதிப்பை ஒட்டியே மூன்றும் பிறந்தன.

நான் படித்த வரையில், திட்டமிட்ட முழுமை என்ற அளவில் யுனிவர்ஸே முன்னிற்கிறது. மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை, குறுகியது முதல் அகன்றது வரை, 21 வடிவங்களையும் ஒரே மனம் ஒரே திட்டத்தில் வரைந்திருக்கிறது. ஹெல்வெட்டிகாவோ முதலில் நடுத்தடிப்பு ஒன்றுடன் வெளிவந்து, பிறகு வெவ்வேறு கைகளால் வெவ்வேறு காலங்களில் துண்டு துண்டாக விரிவாக்கப்பட்டது. அப்படியிருந்தும் விமான நிறுவனங்கள், வங்கிகள், அரசு அலுவலகங்கள், இறுதியில் நம் மேசைக் கணினிகள் வரை எல்லா இடங்களிலும் ஹெல்வெட்டிகாவே இடம்பிடித்தது. எழுத்தின் வடிவத்தில் இதற்குக் காரணம் இருக்கிறதா, அல்லது வடிவத்துக்கு வெளியே தேட வேண்டுமா? விரிவான பதில்களை எதிர்பார்க்கிறேன்.

பதில் 1 – லைனோமேசை

வணக்கம் நண்பரே. நான் சென்னையில் ஆங்கிலப் பணிகளை மிகுதியாக எடுத்துச் செய்த ஓர் அச்சகத்தில், ஈய எழுத்துக் காலத்தின் கடைசிக் கட்டத்தில் லைனோடைப் இயந்திரத்தில் அமர்ந்து வேலை பார்த்தவன். என் பார்வை இயந்திரத்தின் பக்கத்திலிருந்து வருகிறது. உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அங்குதான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரு வார்ப்பகம் எழுத்தை ஈயத்தில் வார்த்து விற்கும்போது, அதை வாங்கும் அச்சகங்களில் தலைப்புகளும் விளம்பரங்களும் கைகளால் கோக்கப்படும். அந்தச் சந்தை சிறியது. செய்தித்தாள், நிறுவன அறிக்கை, விலைப்பட்டியல், இயந்திரக் கையேடு என்று பக்கம் பக்கமாக ஓடும் வேலைகள் யாவும் இயந்திர அச்சுக்கோப்பில்தான் நடந்தன. எனவே ஓர் எழுத்து உலகெங்கும் பரவ வேண்டுமென்றால், பெரிய இயந்திர நிறுவனம் ஒன்று அதைத் தன் பட்டியலில் சேர்த்தாக வேண்டும்.

ஹாஸுக்கு அந்த வழி உரிமைத் தொடர்பிலேயே அமைந்திருந்தது. ஹாஸின் பெரும்பான்மைப் பங்குகள் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஷ்டெம்பல் வார்ப்பகத்திடம் இருந்தன. ஷ்டெம்பலோ லைனோடைப் இயந்திர நிறுவனத்துடன் நெடுங்காலமாகப் பிணைந்திருந்த நிறுவனம். ஹாஸின் இயக்குநர் எடுவார்ட் ஹோஃப்மன், பெர்ட்டோல்டின் எழுத்து தம் வாடிக்கையாளர்களைக் கவர்ந்து செல்வதைக் கண்டு, அதற்கு மாற்றாக ஓர் எழுத்து வேண்டும் என்றுதான் 1956இல் மீடிங்கரை அணுகினார். மீடிங்கர் அதற்கு முன் ஹாஸிலேயே எழுத்து விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். எந்த அச்சகம் எந்த எழுத்தைக் கேட்கிறது என்பதை நேரில் அறிந்தவர். இப்படி உள்ளூர்ச் சந்தைக்காகப் பிறந்த எழுத்து, ஷ்டெம்பல் வழியாக லைனோடைப்பை அடைந்து உலகச் சந்தைக்குள் நுழைந்தது. பெயர் மாற்றமும் அதற்காகவே நடந்தது. ஷ்டெம்பலின் விற்பனைப் பிரிவு 'ஹெல்வெட்டியா' என்று சுவிட்சர்லாந்தின் லத்தீன் பெயரையே முன்மொழிந்தது. அந்தப் பெயரில் தையல் இயந்திரமும் காப்பீட்டு நிறுவனமும் ஏற்கெனவே இருந்ததால் ஹோஃப்மன் அதைச் சற்றே மாற்றி 'ஹெல்வெட்டிகா' ஆக்கினார். 1960இல் அது நிலைபெற்றது.

இதில் ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. லைனோ இயந்திரத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பித்தளை மேட்ரிக்ஸ், அதாவது எழுத்தை வார்க்கும் அச்சு, உண்டு. விசையைத் தட்டினால் அது தன் பெட்டியிலிருந்து இறங்கி வரிசையில் நிற்கும். வரி நிறைந்ததும் உருகிய ஈயம் பாய்ந்து முழு வரியும் ஒரே கட்டியாக வார்க்கப்படும். அந்த ஒரே மேட்ரிக்ஸின் விளிம்பில் இரண்டு வடிவங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கும்: சாதாரண எழுத்தும் அதன் தடித்த எழுத்தும், அல்லது சாதாரண எழுத்தும் அதன் சாய்வெழுத்தும். மேட்ரிக்ஸை ஒரு படி உயர்த்தி நிறுத்தினால் இரண்டாவது வடிவம் வார்ப்பில் விழும். வேலைக்கு இது பெரிய வசதி. ஆனால் மேட்ரிக்ஸின் அகலம் ஒன்றுதான் என்பதால் இரண்டு வடிவங்களும் ஒரே அகலத்துக்குள் அடங்க வேண்டும். தடித்த எழுத்து இயல்பாகவே கூடுதல் இடம் கேட்கும். அந்த இடம் கிடைக்காது. ஆகவே ஹெல்வெட்டிகாவை லைனோவுக்குக் கொண்டுபோனபோது ஷ்டெம்பல் அதைத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. சில எழுத்துகள் நெருக்கப்பட்டன, சில தேவைக்கு மேல் அகன்றன. மீடிங்கர் எழுத்துகளுக்கு இடையே வைத்திருந்த இறுக்கமும் சமநிலையும் சிறிய அளவுகளில் கலைந்தன. அந்த வரிகளைப் புரூஃபில் நாள்தோறும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எழுத்தின் முழு அழகை விளம்பரத் தலைப்பில்தான் காணலாம், பத்திகளில் காண இயலாது.

யுனிவர்ஸ் இந்தக் கட்டுக்குள் சிக்கவில்லை. அது ஒளி அச்சுக்கோப்புக்காகவே திட்டமிடப்பட்டது. ரெனே ஹிகொனே, லூயி மொய்ரூ என்ற இரண்டு பிரெஞ்சுப் பொறியாளர்கள் உருவாக்கிய 'லூமிடைப்' இயந்திரத்தில் எழுத்துகள் ஒரு வட்டத்தகட்டில் இருக்கும். தகடு சுழன்றுகொண்டிருக்கும்போது வேண்டிய எழுத்து சரியான இடத்துக்கு வரும் கணத்தில் மின்னொளி பாய்ந்து, வில்லை வழியாக அது படத்தாளில் பதியும். ஈயத்தின் எடையும் அகலக் கட்டுப்பாடும் அங்கே இல்லை. சார்ல் பெய்ஞோ தம் பாரிஸ் வார்ப்பகத்தில் பணியமர்த்தியிருந்த ஃப்ருட்டிகரிடம் அந்த இயந்திரத்துக்கான எழுத்துப் பணியை ஒப்படைத்திருந்தார். இயந்திரம் புதிய காலத்துக்குரியதுதான். ஆனால் 1957இல் உலகின் பெரும்பான்மையான அச்சகங்களில் ஈயமே கொதித்துக்கொண்டிருந்தது. நாளைய இயந்திரத்துக்கான எழுத்து ஒன்று, அன்றே ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் ஏறிய எழுத்துடன் போட்டியிட நேர்ந்தது.

பதில் 2 – வளைவும்_தண்டும்

லைனோமேசை ஐயாவின் விளக்கத்தை மிகுந்த மதிப்புடன் படித்தேன். மேட்ரிக்ஸ் அகலத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகத் தமிழில் எழுதியவர்கள் குறைவு. ஆயினும் இயந்திரம் மட்டுமே முடிவைத் தீர்மானித்தது என்ற கருத்தை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. யுனிவர்ஸும் ஈயத்துக்கு வெளியே நின்றுவிடவில்லை. டெபர்னி–பெய்ஞோ அதை உலோக எழுத்தாகவும் வார்த்து விற்றது. 1960களின் தொடக்கத்திலேயே மோனோடைப் நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. மோனோடைப் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக வார்க்கும் இயந்திரம் என்பதால், ஐயா சொன்ன இரட்டை வடிவச் சிக்கலும் அங்கே கிடையாது. 1966இல் ஐபிஎம், தட்டச்சுப்பொறி போல அலுவலகத்திலேயே அச்சுக்கோக்கும் தன் 'கம்போசர்' இயந்திரத்துக்கு யுனிவர்ஸை ஃப்ருட்டிகரைக் கொண்டே மாற்றியமைத்தது. ஆக, இயந்திரங்களின் கதவு யுனிவர்ஸுக்கும் திறந்தே இருந்தது.

வடிவமைப்பு மாணவர்களுக்கு எழுத்து வரையக் கற்பிப்பவள் என்ற முறையில், இரண்டு எழுத்துகளும் எப்படி வரையப்பட்டன என்பதை முதலில் பார்க்கச் சொல்வேன். ஃப்ருட்டிகர் 1928இல் இண்டர்லாக்கன் அருகே உண்டர்சேனில் பிறந்து, சூரிச் கலைத்தொழிற்பள்ளியில் ஆல்ஃபிரட் வில்லிமன், வால்ட்டர் கேஷ் ஆகியோரிடம் பயின்றவர். அகன்ற முனை எழுதுகோலின் இயக்கம் அவருடைய கையில் ஊறியிருந்தது. யுனிவர்ஸில் கிடைக்கோடு செங்குத்துக்கோட்டைவிடச் சற்று மெலிந்திருக்கும். வட்டங்கள் முழு வட்டமாக இராமல் மெல்லச் சதுரத்தை நோக்கி இழுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் எழுத்தும் பக்கத்து எழுத்துக்கு இடம் விடும். பெய்ஞோ முதலில் ஃபியூச்சுரா போன்ற வடிவியல் எழுத்தைத்தான் லூமிடைப்புக்குக் கேட்டார் என்பதும், வட்டத்தையும் கோட்டையும் வைத்துக் கட்டும் எழுத்து நீண்ட வாசிப்புக்கு உதவாது என்று இந்த இளைஞர் அவரை மாற்றினார் என்பதும் நினைவில் கொள்ளத் தக்கவை. வாசகரின் கண்ணைப் பற்றிய அந்தக் கவலை எழுத்தின் ஒவ்வொரு வளைவிலும் தெரிகிறது.

21 வடிவங்களுக்கும் அவர் இட்ட எண் முறை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. வார்ப்பகங்கள் 'நடுத்தடிப்பு', 'முக்கால் தடிப்பு' என்று மொழிக்கு மொழி மாறும் பெயர்களால் எழுத்துகளை அழைத்துவந்த காலத்தில், அவர் ஈரிலக்க எண்ணால் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார். முதல் இலக்கம் தடிப்பைக் குறிக்கும். இரண்டாவது இலக்கம் அகலத்தையும் சாய்வையும் குறிக்கும். 55 என்பது இயல்பான எழுத்து, 56 அதன் சாய்வு, 57 குறுகியது, 65 ஒரு படி தடித்தது, 39 மிக மெலிந்து மிகக் குறுகியது, 83 மிகத் தடித்து அகன்றது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என மூன்று மொழிகளிலும் ஒரே விளம்பரத்தை அச்சிட வேண்டிய சுவிஸ் அச்சகத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று எண்ணிப் பாருங்கள். பாசலில் வடிவமைப்பு ஆசிரியர் எமில் ரூடர் தம் மாணவர்களை யுனிவர்ஸிலேயே பயிற்றுவித்ததற்கு இந்த ஒழுங்குதான் காரணம். ஒரே பக்கத்தில் தடிப்பையும் அகலத்தையும் மட்டும் மாற்றி, வேறு எழுத்தைத் தொடாமலேயே முழுப் பக்கத்தையும் அமைத்துவிடலாம்.

அப்படியானால் ஹெல்வெட்டிகாவிடம் என்ன இருந்தது என்று கேட்டால், அதன் உறுதியைச் சொல்வேன். மீடிங்கரும் ஹோஃப்மனும் அக்சிடென்ஸ் குரோட்டஸ்கில் சாய்வாக வெட்டப்பட்டிருந்த முனைகளை எல்லாம் கிடைமட்டமாக வெட்டினார்கள். 'சி', 'இ', 'எஸ்' ஆகிய ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் வாய் ஏறக்குறைய மூடிக்கொண்டது. எழுத்துக்கு உள்ளேயும் எழுத்துகளுக்கு இடையேயும் இருக்கும் வெண்மை அசையாமல் பிடித்து நிறுத்தப்பட்டது. இதனால் பெரிய அளவில் ஒரு சொல்லை அச்சிட்டால் அந்தச் சொல் தனித் துண்டுகளாகத் தெரியாமல் ஒரே உருவாக நிற்கும். சுவரொட்டிக்கும் நிறுவனச் சின்னத்துக்கும் இதைவிட வேறு என்ன வேண்டும்? ஒரு நிறுவனம் தன் பெயரை ஒரே சொல்லாக உலகெங்கும் நிறுத்த விரும்பிய காலம் அது. நெடிய பத்திகளைக் கருதி வரையப்பட்ட யுனிவர்ஸின் நுண்மை, ஒற்றைச் சொல்லில் அவ்வளவாக வெளிப்படாது. எனவே வடிவமும் ஒரு காரணமே என்று கருதுகிறேன்.

கோடும்வெளியும்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா அவர்கள் குறிப்பிட்ட ஒற்றைச் சொல் பற்றிய கருத்து நான் நினைத்தே பார்க்காதது. ஒரு துணைக் கேள்வி: வடிவமைப்பாளர்களின் விருப்பம் இதில் எவ்வளவு பங்கு வகித்தது? சுவிட்சர்லாந்தின் இந்த வரைகலை முறையை, அதாவது சுவிஸ் பாணியை, உலகுக்கு எடுத்துச் சென்றவர்கள் ஹெல்வெட்டிகாவைத் தேர்ந்ததால்தான் அது பரவியதா?

பதில் 3 – நிறுவனச்சின்னம்

விளம்பரத் துறையில் பணியாற்றுகிறேன். அதனால் இந்தத் துணைக் கேள்விக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும்.

சுவிஸ் பாணியின் முன்னோடிகளை ஹெல்வெட்டிகாவுடன் சேர்த்தே பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. அது முழுவதும் சரியன்று. சூரிச்சின் ஜோசஃப் முல்லர்-புரோக்மன் தம் புகழ்பெற்ற இசையரங்கச் சுவரொட்டிகளுக்கு அக்சிடென்ஸ் குரோட்டஸ்கையே விரும்பிப் பயன்படுத்தினார். அவரும் ரிச்சர்ட் பவுல் லோசே, ஹான்ஸ் நொய்பர்க், கார்லோ விவரெல்லி ஆகியோரும் சேர்ந்து 1958 முதல் 1965 வரை மும்மொழிகளில் நடத்திய 'நொய கிராஃபிக்' இதழ்தான் இந்தப் பாணியை அயல்நாடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. பாசலில் ரூடரின் மாணவர்கள் யுனிவர்ஸின் பக்கம் நின்றார்கள். ஆகவே தோன்றிய மண்ணில் ஹெல்வெட்டிகா மூன்று எழுத்துகளில் ஒன்றாக மட்டுமே இருந்தது.

அதற்குப் பெரும் புகழைத் தந்தது நிறுவன அடையாளம் என்ற புதிய வணிகத் தேவை. போருக்குப் பின் பல நாடுகளில் கிளை பரப்பிய நிறுவனங்கள், கடிதத்தாள் முதல் விமானத்தின் உடல் வரை ஒரே முகத்தைக் காட்ட விரும்பின. அத்தகைய ஒழுங்கை ஒரு தடித்த கையேட்டில் எழுதிக் கொடுத்து, உலகின் எந்த மூலையில் இருக்கும் அச்சகமும் அதை அப்படியே நிறைவேற்ற வேண்டும் என்றால், அந்த அச்சகத்தில் அந்த எழுத்து இருந்தாக வேண்டும். இங்குதான் லைனோமேசை ஐயாவின் கூற்று முழு வலிமை பெறுகிறது. ஜெர்மன் வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஷர், உல்ம் வடிவமைப்புப் பள்ளியின் தம் மாணவர்களுடன் 1960களின் தொடக்கத்தில் லுஃப்தான்சா விமான நிறுவனத்தின் அடையாளத்தை அமைத்தபோது ஹெல்வெட்டிகாவை எடுத்துக்கொண்டார். மாசிமோ விக்னெல்லி 1967இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு அதையே வைத்தார். வாடிக்கையாளர் நிறுவனத்தின் பார்வையில், எங்கும் கிடைக்கும் எழுத்தைத் தேர்வது செலவையும் பிழையையும் குறைக்கும். அப்படி ஒவ்வொரு நிறுவனமும் தேர்ந்தபோது, அச்சகங்களும் அதையே வாங்கி வைத்தன. அச்சகங்களில் இருந்ததால் அடுத்த நிறுவனமும் அதையே தேர்ந்தது.

யுனிவர்ஸ் தோற்றுப்போனது என்று சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். மாண்ட்ரியலில் 1967இல் நடந்த உலகக் கண்காட்சியில் அது பயன்பட்டது. லுஃப்தான்சாவுக்கு ஹெல்வெட்டிகாவைத் தேர்ந்த அதே ஐஷர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சுவரொட்டிகளுக்கும் பலகைகளுக்கும் யுனிவர்ஸையே எடுத்தார். பல அளவுகளில், பல தடிப்புகளில், வெயிலிலும் கூட்டத்திலும் படிக்க வேண்டிய பெரும் பணி ஒன்றுக்கு அந்தக் குடும்பத்தின் ஒழுங்கு தேவைப்பட்டது என்பதை அந்தத் தேர்வே சொல்கிறது. பாரிஸ் மெட்ரோவின் பெயர்ப்பலகைகளுக்காகவும் ஃப்ருட்டிகர் யுனிவர்ஸை அடிப்படையாகக் கொண்டே ஓர் எழுத்தை 1970களில் வரைந்தார்.

பதில் 2இன் தொடர்ச்சி – வளைவும்_தண்டும்

ஐஷரின் இரண்டு தேர்வுகளையும் ஒன்றாக வைத்துக் காட்டியது மிகப் பொருத்தம். இரண்டு குறிப்புகளை மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, ஃப்ருட்டிகரின் அக்கறை லத்தீன் எழுத்தோடு நிற்கவில்லை. 1960களில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து தேவநாகரி எழுத்து வடிவமைப்பில் உழைத்திருக்கிறார். நம் நாட்டு எழுத்துருக்களின் வரலாற்றை எழுதுவோர் அதைத் தனியே ஆராய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

இரண்டாவது, ஹெல்வெட்டிகா குடும்பம் துண்டு துண்டாக வளர்ந்ததன் விளைவு 1980களில் பெருஞ்சுமையாகிவிட்டது. ஒரு தடிப்பின் உயரம் இன்னொரு தடிப்புடன் பொருந்தவில்லை. பெயர்களும் நாட்டுக்கு நாடு மாறின. 1983இல் ஷ்டெம்பல் அந்தக் குடும்பத்தை முழுதும் திரும்ப வரைந்து 'நொய ஹெல்வெட்டிகா' என்று வெளியிட்டபோது, வடிவங்களை வரிசைப்படுத்த எடுத்துக்கொண்டது ஃப்ருட்டிகர் யுனிவர்ஸுக்கு வகுத்த அதே ஈரிலக்க எண் முறையைத்தான். இன்று உங்கள் கணினியில் 'ஹெல்வெட்டிகா நொய 55' என்று பார்த்தால், அந்த 55 யுனிவர்ஸிலிருந்து வந்தது.

பதில் 1இன் தொடர்ச்சி – லைனோமேசை

அம்மா மோனோடைப் பற்றிச் சொன்னது சரியான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் மோனோடைப் பெரும்பாலும் புத்தக அச்சகங்களிலும், லைனோ பெரும்பாலும் நாளிதழ்களிலும் அவசர வணிகப் பணிகளிலும் இருந்ததை மறக்கலாகாது. நாங்கள் பேசும் வணிக வரைகலை இந்த இரண்டாவது உலகைச் சேர்ந்தது.

ஈயம் போன பிறகும் இயந்திரத்தின் ஆட்சி தொடர்ந்தது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். 1985இல் ஆப்பிள் நிறுவனம் லேசர் ரைட்டர் அச்சுப்பொறியை வெளியிட்டபோது, அதற்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்த எழுத்துகள் டைம்ஸ், கூரியர், சிம்பல், ஹெல்வெட்டிகா ஆகியவை. அந்த அச்சுப்பொறிக்கு மென்பொருள் தந்த அடோபி நிறுவனத்துக்கு லைனோடைப் தன் எழுத்துகளை உரிமம் தந்திருந்ததால் அது நிகழ்ந்தது. யுனிவர்ஸ் அந்தப் பெட்டிக்குள் இல்லை. மேசையில் அமர்ந்து அச்சிடத் தொடங்கிய லட்சக்கணக்கான மக்களுக்கு, கால் இல்லாத எழுத்து என்றாலே ஹெல்வெட்டிகா என்று ஆனது அன்றிலிருந்துதான்.

கோடும்வெளியும்

மிகவும் பயனுள்ள விளக்கங்கள். கடைசியாக ஒன்று: பழைய விளம்பரத்தையோ சுவரொட்டியையோ கையில் எடுத்தால் இரண்டையும் உடனே பிரித்தறிய எந்த எழுத்துகளைப் பார்க்க வேண்டும்?

வளைவும்_தண்டும்

ஆங்கிலப் பேரெழுத்து 'ஜி'யை முதலில் பாருங்கள். ஹெல்வெட்டிகாவில் வலது கீழ்ப்பக்கம் ஒரு சிறு முள் கீழ்நோக்கி நிற்கும். யுனிவர்ஸில் அது இராது. அடுத்து பேரெழுத்து 'ஆர்': ஹெல்வெட்டிகாவில் அதன் கால் வளைந்து செங்குத்தாக இறங்கும், யுனிவர்ஸில் நேரான சாய்கோடாக நீளும். பேரெழுத்து 'கியூ'வின் வால் யுனிவர்ஸில் அடிக்கோட்டோடு படுத்திருக்கும். ஹெல்வெட்டிகாவில் வட்டத்தைக் குறுக்காக வெட்டும். சிற்றெழுத்து 'ஒய்'யின் வால் ஹெல்வெட்டிகாவில் வளைந்து முடியும், யுனிவர்ஸில் நேராக முடியும். ஒரே சொல்தான் அச்சாகியிருக்கிறது, அதில் இந்த எழுத்துகள் எதுவும் இல்லை என்றால் சிற்றெழுத்து 'ஏ'யைப் பாருங்கள். வலது கீழ்மூலையில் சிறு வால் திரும்பியிருந்தால் ஹெல்வெட்டிகா. அளவு மிகச் சிறியதாக இருந்தால், குறிப்பாக ஈய அச்சில் மை பரவியிருந்தால், உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் முடிவு சொல்லாதீர்கள்.